கால்மாடு

விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அகலத் தையல் உள்ள பக்கம் தலைமாடு. அதைப் பிடிப்பவள்தான் உதறச் சொல்வாள், மடக்கச் சொல்வாள். எதிர்ப்பக்கம் கால்மாடு. அங்கே நிற்பவளுக்கு வாயே தேவையில்லை. இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய அனுமதிக் காகிதம் உள்ள பெண்கள் எப்போதும் தலைமாடு, இல்லாதவர்கள் கால்மாடு. யார் வகுத்தது என்று யாருக்கும் தெரியாது. போகப்போக அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. "ஏ கால்மாடு, இங்க வாடி!"

அண்ணி தலைமாடு. அவளுடைய நாத்தனார் கால்மாடு. வீட்டிலோ இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே குழாயடி.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்திச் சட்டம் வந்த அன்று கூடமே கை தட்டியது. தட்டிய கை ஓயவில்லை, முதலாளி வந்து நின்றார்.

"காகிதம் இருக்கிறவங்க இனிமே வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்."

"மத்த நாள்?" என்றாள் லவுட்ஸ்பீக்கர் அக்கா. அவள் குரலுக்கு வைத்த பெயர் அது.

"மத்த நாள் வீட்டுல ஜாலியா இருங்க."

மற்ற நாட்களில் இரண்டு பக்கமும் கால்மாட்டுக்காரிகளே பிடித்தார்கள், பழைய கூலியிலும் பாதிக்கு. வீட்டு வாடகை பாக்கி விழுந்தது. சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசின.

"கூலி எனக்கு ஏறுச்சு, வேலை உனக்கு வந்துச்சு. நல்ல சட்டம்டி!"

"நான் என்ன அண்ணி பண்றது? வேணாம்னா நாளைக்கே வேற ஒருத்தி வந்து நிப்பா."

"உன்னைச் சொல்லலை. நீ மலிவா இருக்கிறதாலதான் நான் முதலாளிக்குக் கசக்குறேன்."

"மலிவா இருக்கணும்னு எனக்கு வேண்டுதலா?"

மறுநாள் அண்ணி நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வந்ததும் நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அங்க இருக்கிற அதிகாரியம்மா அடுத்த வாரம் எல்லாச் சலவைக்கூடத்துக்கும் வர்றாங்களாம். வேலை செஞ்ச யாருக்கும் கூலி குறையக்கூடாதாம். காகிதத்தை அவங்க கேக்கவே மாட்டாங்களாம்."

"அவங்க வாயால சொன்னாப் போதுமா? போலீஸ் என்னைத் தூக்கிட்டுப் போனா?"

"அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன். நீ சொல்லாம நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"எனக்குத் தெரியலை அண்ணி," என்றாள் அவள். அதோடு விளக்கை அணைத்துவிட்டாள்.

அதிகாரி வரும் செய்தி முதலாளிக்கும் எட்டியது. தலைமாட்டுக்காரிகள் எல்லோரையும் வரவழைத்தார். கால்மாட்டுக்காரிகளைத் துண்டு அடுக்கும் சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அதிகாரியம்மா உள்ளே நுழைந்தாள். "வேலையைப் பாருங்கம்மா, நான் சும்மா சுத்திப் பாக்குறேன்."

எல்லோரும் ஆளுக்கொரு விரிப்பை எடுத்தார்கள். எல்லோரும் அகலத் தையலைத் தேடிப் பிடித்தார்கள். எல்லோரும் உதறுவதற்குத் தயாராக நின்றார்கள். எதிரே யாரும் இல்லை. இது யாரும் போட்ட திட்டமல்ல, பழகின கை செய்த வேலை.

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க!" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

எதிரே ஆள் இல்லாததே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர்ப்பக்கம் போக ஓரடி எடுத்து வைத்தவள், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களும் அசையவில்லை.

"ஏன் நிக்கிறீங்க? இந்தப் பக்கம் யாரு பிடிப்பாங்க?" என்றாள் அதிகாரி.

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்திருந்தாளே.

"ஒரே ஆளு மடிச்சிடுவாங்க மேடம்," என்றார் முதலாளி.

"அப்படியா? எங்க, நீங்க மடிச்சுக் காட்டுங்க."

முதலாளி மடித்தார். தோளில் போட்டார், தாடையால் அழுத்தினார், கையை விரித்தார். ஒரு நுனி பிடிபட்டால் மறு நுனி நழுவியது. கடைசியில் விரிப்பு தலைமேல் விழுந்து, உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது: "இதோ... இதோ ஆச்சு மேடம்."

"பொண்ணு வெக்கப்படுது!" என்றாள் லவுட்ஸ்பீக்கர். கூடம் அதிர்ந்தது.

சின்ன அறைக் கதவு திறந்தது.

"ஐயோ, வெளுத்த துணி தரையில புரளுதே! மறுபடி யாரு துவைக்கிறது?"

நாத்தனார் ஓடி வந்து தரையில் கிடந்த நுனிகளை அள்ளிப் பிடித்தாள். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

"நீங்க யாரும்மா?" என்றாள் அதிகாரி.

நாத்தனார் அண்ணியை ஒருமுறை பார்த்தாள். நுனியை விடவில்லை.

"கால்மாடும்மா. தினமும் நான்தான் பிடிக்கிறேன். பாதிக் கூலிக்கு."

விரிப்பைக் கிழிக்காத குறையாக வெளியே வந்தார் முதலாளி. "மேடம், இவகிட்ட காகிதமே கிடையாது! அதனாலதான் பாதி குடுக்குறேன்!"

"அப்போ இங்க வேலை செய்றாங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றி." அதிகாரி பேனாவைத் திறந்தாள். "காகிதம் வேற ஆபீஸ் சார். என் வேலை கூலி. மடிச்ச கைக்கு முழுக்கூலி குடுக்கணும், விட்ட பாக்கியையும் சேர்த்து."

அறைக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"இப்படிக் குடுத்தா நான் கடையை மூடிட வேண்டியதுதான்!"

"மூடுங்க," என்றாள் லவுட்ஸ்பீக்கர். "விடுதிக்காரங்க வெறும் மெத்தையில படுத்துக்கட்டும்."

கடை மூடவில்லை. முதலாளி விடுதிகளிடம் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். மலிவுக்கு ஆள் இல்லை என்று ஆனபின் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பி இன்னொருத்தியை வைப்பதில் அவருக்கு என்ன லாபம்? அண்ணிக்கு முழு வாரமும் திரும்பி வந்தது. நாத்தனார் தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டால் இன்னமும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். அது அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் முழுக்கூலி வாங்கிய மறுநாள் காலை அவள் அண்ணிக்கு முன்னால் ஓடிப்போய் முதல் விரிப்பை எடுத்தாள். அகலத் தையலைத் தேடிப் பிடித்தாள்.

"ஏய், அது என் பக்கம்டி!"

"இன்னைக்குத் தலைமாடு நான் அண்ணி. அந்தப் பக்கம் போங்க."

"உத்தரவு மகாராணி," என்று அண்ணி கால்மாட்டுக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் விரிப்பு எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

"உதறுங்க!" என்றாள் நாத்தனார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.