மீனலோசனி வாங்கிய புள்ளி

தேனப்பன் வீட்டுப் பின்கட்டுச் சுவர் முதன்முதலாகப் பின்வாங்கியது ஒரு வியாழக்கிழமை காலையில். அரை அடி இருக்கும். அன்றைக்குக் காரைக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் மலிந்து கிடந்ததால் ஊருக்கு அதுதான் பேச்சு. சுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடிகிற செட்டியார் வீடு அது. பின்கட்டு என்பது அதன் கடைசி முற்றம், செம்மண் தரை, வடகம் காயப்போடுகிற இடம். தேனப்பனின் ஒரே மகள் மீனலோசனிக்கு அப்போது பதினொரு வயது. ஊரில் ஒரு கிளப் இருந்தது, அதில் டென்னிஸ் தரையும் இருந்தது. பெரிய மனிதர்கள் தொந்தி குறைக்க ஆடுகிற இடத்தில் பொம்பளப்பிள்ளைக்கு என்ன வேலை என்று காவல்காரர் கேட்டைச் சாத்திவிட்டார். அவள் அழவில்லை. அப்பச்சி தேனப்பன் வாங்கிக் கொடுத்த மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்கட்டுச் சுவரில் பந்தை ஓங்கி அடித்தாள். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுவர், கன்னம் மாதிரி வழவழப்பு. பந்து போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு தூணில் இடித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கொஞ்சம் தள்ளிக்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் தள்ளிக்கொண்டது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவள் கை பலம் கூடக்கூடச் சுவர் விலகிக்கொண்டே போனது. பின்தெரு லேசாக வளைந்து வழிவிட்டது, ஆட்டோக்காரர்களும் வளைந்து ஓட்டப் பழகிக்கொண்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார், அளந்தார், மறுபடி அளந்தார், காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பின்கட்டு ஒரு முழு டென்னிஸ் கோர்ட் அளவுக்கு வந்திருந்தது. மாவட்டத்தில் ஜெயித்தாள், மாநிலத்தில் ஜெயித்தாள். டென்னிஸ்தான் என் பிழைப்பு என்று துணிந்து சொன்ன பெண் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவளுக்கு முன்னால் யாருமில்லை. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் நிறைய இருந்தார்கள்.

தேனப்பன் காலமான வருடம் சங்கடம் வேறு ரூபத்தில் வந்தது. செட்டியார்களுக்குள் கல்யாணமான ஒரு தம்பதி என்றால் ஒரு புள்ளி. கோவிலில் தேங்காய் பழம் கொடுப்பதானாலும், வீட்டில் அறை ஒதுக்குவதானாலும், பொதுக் காரியத்தில் பேச்சு எடுப்பதானாலும் புள்ளிக் கணக்குத்தான். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாத ஆளுக்குப் புள்ளியே கிடையாது. அந்த வீட்டில் இருந்தது இரண்டே புள்ளி, தேனப்பன் தம்பதியும் அவர் அண்ணன் குமரப்பன் தம்பதியும். அகிலாண்டேஸ்வரி ஆச்சி, மீனலோசனியின் ஆத்தா, ஒரே நாளில் அரையாகிப்போனார். “உசுரோட இருக்கற மனுசிய எப்படித்தா அரைன்னு எண்ணுறது?” என்று மகளிடம் ஒரே ஒருமுறை கேட்டார். மீனலோசனிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

குமரப்பன் கெட்டவர் இல்லை. ஓடு ஒழுகுகிறது, தூண் அரிக்கிறது, பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று, எத்தனை நாளைக்குத்தான் தனியாகக் கட்டிக்காப்பது என்று வீட்டை ஒரு ஓட்டல்காரருக்குக் குத்தகைக்கு விடப் பேசிவைத்தார். பின்கட்டில் நீச்சல் குளம் வரும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். சட்டம் பெண்பிள்ளைக்கும் பங்கு சொல்லும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த வீட்டு ஆட்கள் அறிந்த கோர்ட் மீனலோசனி ஆடுகிற கோர்ட் ஒன்றுதான். அறைகள் சூழ்ந்த உள்முற்றமான வளவில் உட்கார்ந்து பேசினார்கள். அவர் ஒரு புள்ளி, ஆச்சி அரைப்புள்ளி, பேச்சு முடிந்தது. மீனலோசனி வாய் திறந்ததும் அவர் கையமர்த்தினார்.

“நீ இன்னும் புள்ளியாகலயேத்தா. என்ன சொல்லி என்ன?”

“அப்பச் சரி பெரியப்பச்சி, புள்ளி வாங்கிட்டே வாரேன். மாசித் திருவிழா வரைக்கும் யாருக்கும் வாக்குக் குடுத்துறாதீக.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளை ஒருவழியாகக் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள் என்று பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனையே செய்துவிட்டு வந்தார். மீனலோசனி ஸ்பெயினுக்கு விமானம் ஏறினாள்.

டென்னிஸ் உலக வரிசையில் பெயர் வரவேண்டுமென்றால் சர்வதேசப் போட்டியின் முதன்மைச் சுற்றில் ஒரு ஆட்டமாவது ஜெயித்துப் புள்ளி வாங்க வேண்டும். ஸ்பெயினில் சின்னச்சின்ன ஊர்களிலெல்லாம் செம்மண் தரையில் ஆட்டம் நடக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் போனாள். தரை சொந்த மண் மாதிரியே இருந்தது, ஆனால் அந்த ஊர்ச் சுவர்கள் எதுவும் அவளுக்காக அசையவில்லை. தோற்றாள். பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் அங்கேயும் தோற்றாள். முழங்கால் வீங்கியது, ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினாள். ரொட்டியைப் பார்த்தாலே குமட்டியது, தின்றுவிட்டு ஆடினாள். அவள் தோற்கிற நாட்களில், இன்னும் பழகு என்று இடம் விடுவதுபோல, காரைக்குடியில் சுவர் நகர்ந்தது. போன் வருவதற்கு முன்பே ஆச்சிக்கு விஷயம் தெரிந்துவிடும்.

“இன்னைக்கும் தோத்துட்டியாத்தா?”

“எப்படித் தெரியும்?”

“செவரு அங்குட்டுப் போயிருக்குல்ல. திரும்பி வந்துரணும்னு தோணுதா?”

“தோணுது. வரமாட்டேன்.”

மாசி பிறப்பதற்கு முன், அவளுக்கு ஆட்டம் இருந்த ஒரு நாள், சுவர் அசையவே இல்லை. ஆச்சி மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் பின்கட்டிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மீனலோசனி எழுதினாள்: “புள்ளி கிடைச்சிருச்சு.” அடேயப்பா! பூவும் மாலையும் குத்துவிளக்குமாகக் குழு நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை யார், எந்தக் கோவில் என்று சொந்தக்காரர்கள் கேட்டுத் தள்ளினார்கள். ஆட்டம் முடிந்த களைப்பில் போனை அணைத்துவிட்டுத் தூங்கியவள் எதையும் பார்க்கவில்லை. எழுந்தபோது அந்தக் கேள்விகள் வாழ்த்துக் குவியலுக்கடியில் புதைந்து போயிருந்தன. ஸ்பெயினில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவனாகத்தான் இருக்கும் என்று குமரப்பன் தாமே முடிவுகட்டி, கோவிலுக்குப் போய், எங்கள் வீட்டில் ஒரு புள்ளி கூடியிருக்கிறது, தேங்காய் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டும் வந்தார்.

திருவிழாவன்று கோவில் வாசலில் மீனலோசனி தனியாகக் காரிலிருந்து இறங்கினாள். குமரப்பன் அவளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை எங்கத்தா?”

“எந்த மாப்பிள்ளை?”

அவள் போனைத் திறந்து காட்டினாள். உலக வரிசையின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயர், அதற்கு நேரே புள்ளி ஒன்று என்று போட்டிருந்தது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குமரப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஊருக்கு முன்னால என்னையக் கேலிக்கூத்தாக்கிட்டியே! கல்யாணம் இல்லாம என்னத்தா புள்ளி?”

“நான் கல்யாணம்னு என்னைக்குச் சொன்னேன்? பாடுபட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். ஒலகமே எண்ணிருச்சு பெரியப்பச்சி. நீங்க எண்ண மாட்டீகளா?”

தேங்காய் வாங்கப் புள்ளிக்காரர்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கோவில்காரர் அந்த நேரம் பார்த்து “மீனலோசனி” என்று கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. சரி, அடுத்த பெயரைக் கூப்பிடுவோம் என்று வாயைத் திறந்தார். மீனலோசனி என்றே வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிட்டார், மீனலோசனிதான். பக்கத்திலிருந்தவர் கூப்பிட்டுப் பார்த்தார், அவர் வாயிலும் அதே பெயர். குமரப்பன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்து, நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். “மீனலோசனி” என்று கணீரென்று வந்தது. தம் காதிலேயே அது விழுந்ததும் மனிதர் திகைத்துப்போனார். மீனலோசனி நேராக நடந்து போய்த் தேங்காயை வாங்கிக்கொண்டாள். அடுத்த பெயர் சரியாக வந்தது, திருவிழா நடந்தது.

அன்று மாலை வளவில் மறுபடி உட்கார்ந்தார்கள். வீட்டை ஓட்டலுக்கு விடவேண்டாம், பின்கட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், கூரைக்கு ஓடு மாற்றுவது என் பொறுப்பு என்றாள் மீனலோசனி. கையமர்த்த யாருமில்லை. அகிலாண்டேஸ்வரி ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவ ஒண்ணு, நான் அரை. ஒன்றரை ஆச்சு மச்சான். நீங்க ஒண்ணுதான்.” சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குமரப்பன் விட்டத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கணக்கில் பிழை இல்லை. ஓட்டல்காரருக்குப் போன் போட்டு, வேற எடம் பாருங்க என்றார்.

மறுநாள் விடிந்தபோது வளவில் அறைகளின் வரிசையில் ஒன்று கூடியிருந்தது. மற்றவை போலவே பர்மாத் தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள். புள்ளி கூடினால் அறை கூடத்தானே வேண்டும் என்று ஆச்சி வாசலில் கோலம் போட்டார். கரண்டு இழுக்க வந்தவர் விளக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். மீனலோசனி மட்டைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு அசதியில் தூங்கிப்போனாள். காப்பிக்குக் கூப்பிட வந்த குமரப்பன், இத்தனை வருடமாக அவளை அடுப்படியிலிருந்தே கத்திக் கூப்பிட்ட மனிதர், அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகத் தட்டினார்.