ஏழாவது சுற்றுக்குப் பிறகு

ஒரு அமெரிக்க ஃபுட்பால் கிளப்பை நடத்தவே பிறந்தவன் என்று நினைப்பு என் கணவன் வால்ட்டுக்கு. வாய்த்தது என்னவோ ரயில் எஞ்சின் ஆலையில் வெல்டிங் வேலை. அந்தக் கடுப்பையெல்லாம் எங்கள் டீமின் மேலாளர் மேல்தான் காட்டுவான். அந்த மேலாளருக்கு இப்படி ஒருவன் உயிரோடு இருப்பதே தெரியாது.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்துக்கென்று சொந்த டீம் கிடையாது. சுற்றியிருக்கும் மூன்று நகரங்களின் டீம்களுக்கு நாங்கள் பிரிந்து கிடக்கிறோம். ஒரே தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் டீம் தோற்க வேண்டும் என்று மண்டியிடுவோம். எங்கள் வீட்டு டீம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் வந்து நிற்பான். தோற்கிற டீம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்கிற டீமின் ரசிகனுக்குத் திருவிழா ஆட்டக் காலத்தில் இல்லை, ஏப்ரல் கடைசியில். அப்போதுதான் டிராஃப்ட். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைக் கிளப்புகள் வரிசை போட்டு, சுற்றுக்கு ஒருவன் என்று ஏழு சுற்று பொறுக்கி எடுக்கும். போன வருடம் மோசமாக ஆடிய கிளப்புக்கு முதல் வாய்ப்பு. பையன்களை மாட்டுச் சந்தை மாதிரிதான் பார்ப்பார்கள். கை எவ்வளவு நீளம், உள்ளங்கை எவ்வளவு அகலம் என்று டேப் வைத்து அளப்பார்கள்.

குளிர்காலம் முழுக்க வால்ட்டுக்கு வேறு பேச்சே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை செய்து போட்டேன். தட்டில் ஐந்தை எடுத்து வரிசையாக வைத்தான். தின்பதற்கு என்று நினைத்தேன்.

"இதுதான் நம்ம முன்வரிசை. இந்த நாலும் பரவாயில்ல. இடது ஓரத்துல நிக்கிறவனைப் பாரு, வாய் பொளந்து கிழங்கு வெளிய வந்திருச்சு. பந்து எறியறவனோட முதுகைக் காக்க வேண்டியவன் இவன். இவனை வச்சுக்கிட்டு எவன் ஜெயிப்பான்?"

"அந்த ஓட்டை என் கையால வந்தது. ஆறுறதுக்குள்ள தின்னு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தவறாமல் ரேடியோவுக்குப் போன் போடுவான். நிகழ்ச்சி நடத்துகிற ரஸ்டிக்கு இவன் குரல் கேட்டாலே கொண்டாட்டம். "வாங்க வால்ட் அண்ணே, இன்னிக்கு யாரைத் திட்டப் போறீங்க?" என்று ஆரம்பித்து வைப்பான்.

"மறுபடியும் பந்து பிடிக்கிறவனைத்தான் முதல் சுத்துல எடுப்பாங்க ரஸ்டி, வேணும்னா பாரு. ஓடுறான், பிடிக்கிறான், கோட்டைத் தாண்டினதும் டான்ஸ் ஆடுறான். எறியறவன் விலா ஒடிஞ்சு தரையில கெடக்கறப்ப இவன் யாருக்குன்னு ஆடிக் காட்டுவான்?"

"சரி, உங்க கையில கிளப்பைக் கொடுத்தா?"

"முன்வரிசை. முதல் சுத்துலயும் அதான், ரெண்டாவதுலயும் அதான். அப்புறம், அடிபட்டவன்னு எல்லாரும் ஒதுக்கறாங்க பாரு, அவனுக்காகப் பொறுமையாக் காத்திருப்பேன். முட்டி போனவன், தோள் கழண்டவன். ஆட்டம் அவன்கிட்ட அப்படியேதான் இருக்கும், விலைதான் இறங்கியிருக்கும். பாதிப் பேருக்குச் சரியாயிடும். மீதிப் பேரால நமக்கு என்ன நஷ்டம்?"

இந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டேதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பாத்திரம் கழுவுகிறேன். பாதி மண்டையில் ஏறும், பாதி தண்ணீரோடு போய்விடும்.

இந்த வருடம் வால்ட் ரேடியோவில் ஒரு பெயரை மட்டும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். எங்கள் பையன் நோலன். வாசலில் குனிந்து நுழைகிற உயரம், அதற்குத் தக்க உடம்பு. ஒரு சின்னக் கல்லூரியில் அதே இடது ஓரத்தில் நிற்கிறவன். ஆள் பிடிக்கிற ஆட்கள் இரண்டு மூன்று கிளப்பிலிருந்து எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலாவது சுற்றில் போவான், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றாவதில் என்று பேச்சு. தன் வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று வால்ட்டுக்குப் பயம்.

ஈஸ்டருக்கு நோலன் வீட்டுக்கு வந்தான். கோவிலில் மந்திரித்துக் கொண்டுவந்த கூடையிலிருந்து வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டியை எடுத்து மேசைக்கு நடுவில் வைக்கப் போனான். அது வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சப்பையானது. வால்ட் விழுந்து விழுந்து சிரித்தான். நான் பையனின் கையைப் பார்த்தேன். விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருப்பது போலவே வளைந்திருந்தன. விழுந்ததே அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அவனைக் கார் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"கைக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. மோதறப்ப கழுத்துலேர்ந்து கை வரைக்கும் கரன்ட் அடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் கை மரத்துப் போயிடும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

"எப்பலேர்ந்து?"

"போன சீசன்லேர்ந்து."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"கோச்சு ஐஸ் வைக்கச் சொன்னாரு. டாக்டர்கிட்ட போனா ரிப்போர்ட்ல வந்துரும்மா. வந்துட்டா யாரு என்னை எடுப்பா?"

நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாரும் முதியோர் இல்லை. ஏரியில் படகுத்துறையிலிருந்து தலைகீழாகக் குதித்துக் கழுத்தை ஒடித்துக்கொண்ட ஒருவன் இருக்கிறான். நோலனை விடக் கொஞ்சம்தான் பெரியவன். மத்தியான சாப்பாட்டை நான்தான் ஊட்டுவேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் கண்ணால் என்னைக் கூப்பிடுவான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

வால்ட்டிடம் சொன்னேன். முகம் வெளுத்துப் போனது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"டிராஃப்ட் முடியட்டும், லொரி. நாலாவது சுத்துல ஒருத்தன் எடுத்துட்டான்னா அவங்க டாக்டருங்களே பாத்துக்குவாங்க. நாட்டுலயே நல்ல டாக்டருங்க."

"கழுத்து ஒடிஞ்சப்புறமா?"

"ஒடியாது. முன்வரிசையில நிக்கிற எல்லாருக்கும் இது இருக்கும்."

"எல்லாருக்கும் நான் அம்மா இல்ல" என்றேன். டீவியைப் போட்டுக்கொண்டான்.

டிராஃப்டுக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் வால்ட்டுக்கு ஆலையில் மாலை ஷிஃப்ட். ரஸ்டிக்கு நான் போன் போட்டேன்.

"சொல்லுங்கம்மா, எங்கேர்ந்து பேசறீங்க?"

"நான் வால்ட்டோட வீட்டுக்காரி."

"அட, அண்ணியா! அண்ணன் எங்க?"

"அதை விடு. எங்க பையன் நோலன் இந்த டிராஃப்ட்ல இருக்கான். இடது ஓரம். எல்லா கிளப்புக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். அவன் கழுத்து சரியில்ல. மோதினா வலது கை மரத்துப் போகுது. ஒரு வருஷமா மறைச்சிட்டு இருக்கான். அவனை யாரும் எடுக்காதீங்க."

ரஸ்டி அவசரமாக விளம்பரம் போட்டான். போனை வைத்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

வால்ட் ஆலையில் ஒரு காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டுதான் வெல்டிங் பிடிப்பான் என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் உள்ளே வந்து சமையலறை வாசலில் நின்றான்.

"நம்ம ரேடியோவுல, லொரி. என் ரஸ்டிகிட்ட."

சாப்பிடாமலே படுக்கப் போனான்.

மறுநாளே வேலை நடந்தது. கிளப்புகள் கேட்டதால் நோலனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடம் போகிற பாதை அவனுக்குக் குறுகலாக இருக்கிறதாம். ஆடலாம், ஆனால் அவன் சொந்தப் பொறுப்பில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்களில் ஒருவன்கூட அதன் பிறகு போன் எடுக்கவில்லை. நோலன் கல்லூரியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான்.

"என்னை வீட்டுலயே வச்சுக்கலாம்னு பாத்தியாம்மா?"

"உயிரோட வச்சுக்கலாம்னு பாத்தேன்."

"எனக்கு முன்னாடி நிக்கிறவனைத் தள்ளத் தெரியும். அது ஒண்ணுதான் தெரியும். அதைப் பிடுங்கிட்ட."

"திட்டு. நல்லாத் திட்டு. கேட்டுக்கறேன்" என்றேன். திட்டாமல் மாடிக்குப் போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை முதல் சுற்று. எங்கள் டீம் பந்து பிடிக்கிற பையனையே எடுத்தது. வழக்கமாக அதற்கு வால்ட் நாற்காலியை உதைப்பான். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரண்டும் மூன்றும். சனிக்கிழமை மத்தியானம் மிச்ச நாலு சுற்று.

டிராஃப்ட் சனிக்கிழமையில் நான் வீட்டில் இருந்ததே கிடையாது. என் தங்கையோடு கடைத்தெருவுக்குப் போய், எல்லாம் ஓய்ந்த பிறகுதான் திரும்புவேன். இந்தத் தடவைதான் உட்கார்ந்தேன். நாலாவது சுற்றில் ஒவ்வொரு பெயர் வரும்போதும் அவன் பெயராக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஐந்து, ஆறு. நோலன் சோபாவில் முழங்காலில் முழங்கையை ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது சுற்றின் கடைசிப் பெயரை வாசித்துவிட்டு டீவிக்காரன் எல்லாருக்கும் நன்றி சொன்னான். என் பையன் பெயர் வரவில்லை.

எனக்குச் சந்தோஷம். பிள்ளை மனசு ஒடிந்து உட்கார்ந்திருக்கிறான், பெற்றவளுக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுந்து கூத்தாடலாம் போல் இருந்தது. சமையலறைக்குப் போய் அவனுக்குப் பிடித்த மாவுக்குள் இறைச்சி வைத்த பெப்பரோனி உருண்டைகளைப் பொரிக்க எண்ணெய் வைத்தேன்.

நோலனின் போன் அடித்தது.

வால்ட் துள்ளி எழுந்தான். "எடுடா, எடு! ஸ்பீக்கர்ல போடு!"

"முடிஞ்சு போச்சே, இப்ப யாரு?" என்றேன்.

"முடிஞ்சப்புறம்தான் லொரி ஆரம்பம். மிச்சம் கெடக்கறவங்களைப் போன் போட்டு அள்ளுவாங்க. இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்க, இதுகூடவா தெரியாது?"

தெரியாது. அத்தனை வருஷமும் நான் கடைத்தெருவில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் பேசியவன் எங்கள் டீமின் ஆள். தேன் மாதிரி குரல். "தம்பி நோலன், உன்னை நாங்க ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டு இருக்கோம். வர்ற வாரம் பயிற்சி முகாமுக்கு வந்துடு. கழுத்து விஷயம் தெரியும். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல. கழுத்துக்கு ஏதாவது ஆனா கிளப் பொறுப்பு இல்லன்னு தனியா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"போடறேன் சார்" என்றான் நோலன். ஈஸ்டருக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தில் ரத்தம் ஓடிப் பார்த்தேன்.

"போட மாட்டான்" என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன். "அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பா?"

"யாரு, அம்மாவா? ரேடியோவுல பேசினவங்களா?" அந்த ஆள் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உங்களுக்குத்தான்மா முதல்ல நன்றி சொல்லணும். நீங்க பேசலைன்னா இவன் நாலாவது சுத்துலயே போயிருப்பான். எங்க கைக்குச் சிக்கியிருப்பானா?"

எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக் கூடத் தோன்றவில்லை. வால்ட் பையனைக் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தான். நம்ம டீம், நம்ம டீம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அழுகை ஓய்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தான். அவனே அடுப்பை அணைத்தான்.

"நாலாவது சுத்துல எடுத்தவன்னா பணம் போட்டிருப்பாங்க, லொரி" என்றான். "பணம் போட்ட ஆளைப் பொத்திப் பொத்தி வச்சிருப்பாங்க. கை மரத்துச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே உட்கார வச்சு வைத்தியம் பாத்திருப்பாங்க. ஒரு வருஷம்கூடச் சும்மா வச்சிருப்பாங்க."

"இப்ப?"

"இப்ப இவன் சும்மா வந்தவன். தினமும் மோதிக் காட்டணும். ஒரு நாள் வலிக்குதுன்னு ஒதுங்கினான்னா அன்னிக்கே அனுப்பிடுவாங்க."

என்னைக் குத்திக் காட்டுவதற்காக அவன் இதைச் சொல்லவில்லை. ரஸ்டியிடம் சொல்லுகிற அதே குரலில், டீம் கட்டுகிற விவகாரத்தை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை ரஸ்டிக்குப் போன் போடவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நோலனிடம் கெஞ்சினேன். வண்டிச் சாவியை ஒளித்து வைத்தேன், வால்ட் அவனுக்கு வேறு சாவி கொடுத்தான். மறுபடி ரஸ்டிக்குப் போன் போட்டேன். "அண்ணி, இப்ப அவன் நம்ம ஆளு. நம்ம ஆளைப் பத்தி நாமளே இப்படிப் பேசலாமா?" என்று போனை வைத்துவிட்டான்.

நோலன் கிளம்புகிற காலை வந்தது. மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். கோபமெல்லாம் போயிருந்தது. சின்ன வயதிலிருந்து அவனுக்குக் கோபம் நிற்காது.

"போய்ட்டு வர்றேம்மா. ஒண்ணும் ஆகாது."

எனக்கு எட்டுவதற்காகக் குனிந்தான். அவன் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக் கட்டிக்கொண்டேன். அவன் உடம்பு விறைத்தது.

"அங்க வேணாம்மா" என்றான் மெதுவாக, அப்பாவுக்குக் கேட்காமல். "அங்க தொடாத."

கையை எடுத்துவிட்டேன்.