தேயாத கொக்கி

இருபதாயிரம் முறை மாட்டிக் கழற்றிய பிறகும் ஒரு கொக்கி புத்தம் புதுசாக இருந்தால் அதைப் பாராட்டக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். அப்போதும் தெரியும். தெரிந்தும் கை தட்டினேன்.

நான் செய்கிற வேலையை வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் கம்பெனி செய்கிற லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு பொந்து இருக்கும். அதற்குள் பேட்டரியைச் செருகலாம். அதை உருவிவிட்டு டிஸ்கைச் செருகலாம், கேமராவைச் செருகலாம். இப்படி மாற்றி மாற்றிச் செருகுகிற பெட்டிக்கு மாட்யூல் என்று பெயர். உள்ளே போனது தானாக வெளியே விழாமல் பிடித்துக்கொள்ள அரை விரல் நீளத்தில் ஒரு கொக்கி வேண்டும். அதை வரைவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. என்னைப் பற்றி யாராவது கேட்டால் என் மனைவி, "கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார்" என்பாள். கொக்கியைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.

எங்கள் பிரிவின் தலைவர் என் அக்கா வீட்டுக்காரர். வீட்டில் மாமா, ஆபீஸில் சார். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டிருந்தாள்.

போன வருடம் புது மாடலுக்கு நான் முதலில் வரைந்தது நல்ல கொக்கி. மாட்யூலை முழுக்கத் தள்ளினால் கொக்கி பள்ளத்தில் விழும். விழும்போது 'தப்' என்று சின்னதாக ஒரு சத்தம். பூட்டாமல் அந்தச் சத்தம் வராது. மாமா அதைக் காதருகே வைத்து நாலு தடவை செருகிப் பார்த்தார்.

"என்னப்பா இது, எலி தும்முற மாதிரி இருக்கு?"

"பூட்டிக்கிச்சு சார். அதோட சத்தமே அவ்வளவுதான்."

"வாங்குறவனுக்கு அது தெரியுமா? நல்ல கார் கதவைச் சாத்துற மாதிரி கேக்கணும். ஏதாவது பண்ணு."

ஏதாவது பண்ணினேன். பொந்தின் உள்சுவரில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை வைத்தேன். மாட்யூல் உரசிக்கொண்டு போகும்போது தகடு வளைந்து துள்ளி 'டக்' என்று அடிக்கும். ராஜ சத்தம். குறை ஒன்றுதான். கொக்கி இருக்கிற இடத்தில் தகட்டுக்கு இடம் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால்தான் வைக்க முடிந்தது. அதாவது சத்தம் முதலில் வரும், அதற்கப்புறமும் இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் கொக்கி விழும். தள்ளுவார்கள் என்று நினைத்தேன். 'டக்' என்று கேட்ட பிறகும் தள்ளுகிற ஒரு ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அது ஏனோ அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

டெஸ்ட் ரூம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே ஒரு இயந்திரக் கை மாட்யூலைத் தள்ளும், உருவும், மறுபடி தள்ளும். பக்கத்தில் ஒரு மைக். சத்தம் கேட்டதும் கை நின்றுவிடும், எண்ணிக்கையில் ஒன்று ஏறும். மாட்யூல் நசுங்கிவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. பழைய கொக்கிகளுக்கெல்லாம் அது சரி. சத்தம் வந்தால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். புதுக் கொக்கிக்கு அதை மாற்றியமைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்கு.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. ஒப்பந்த ஊழியர், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே எந்த ஸ்பிரிங் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் காதுக்காரம்மா. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு நாற்காலி கேட்டு மாமாவோடு கூட்டத்திலேயே மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தேன். அந்த நாற்காலியை நினைத்து நானே என் முதுகைப் பல தடவை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதுக் கொக்கி இருபதாயிரத்தைத் தாண்டிய அன்று அந்த அம்மா சீட்டுப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தார். ஒப்பந்த ஆட்களுக்கு எங்கள் கம்பெனியில் மெயில் கிடையாது. சந்தேகம் இருந்தால் கார்பன் வைத்த சீட்டில் எழுதுவார்கள். டிசைன் ஆள் அதற்குக் கீழேயே பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேல் தாள் எங்களுக்கு, நகல் அவர்களுக்கு.

"லென்ஸ் வச்சுப் பாத்தேன் சார். கொக்கியில ஒரு கீறல் கூட இல்லை."

"நல்லதுதானேம்மா."

"தேயவே இல்லைன்னா உரசவே இல்லைன்னுதானே சார் அர்த்தம்? எனக்கென்னமோ கொக்கி மாட்டாமலே சத்தம் வருதுன்னு தோணுது. பழசு பூட்டும்போது அடியில ஒரு கனம் கேக்கும். இதுல அது இல்லை."

தகட்டை வைத்தவன் நான்தானே, அவர் சொல்லி முடிப்பதற்குள் முழுசும் புரிந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை மாமா மேலிடத்துக்குக் கொக்கியைக் காட்டப் போகிறார். அச்சு வார்ப்பு முடிந்து உற்பத்தியும் ஆரம்பித்தாயிற்று. இப்போது போய் நிறுத்து என்றால் நான் தொலைந்தேன். அவர் சந்தேகத்தை எழுதியிருந்த சீட்டை வாங்கிக் கீழே எழுதினேன்: 'சத்தம் வருகிறது. போதும்.' கையெழுத்துப் போட்டேன். காதுக்காரம்மா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நகலைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாமா தேயாத கொக்கியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். "இருபதாயிரம் தடவை. ஒரு கீறல் இல்லை." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

விற்பனைக்குப் போன நாலாவது மாதம், மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஒருவர் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பொந்திலிருந்து பேட்டரி நழுவி, கீழே நின்றவரின் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. தலையில் விழுந்திருந்தால் ஆள் போயிருப்பார். அதற்குப் பிறகு புகார்கள் வரிசை கட்டின. விற்ற லேப்டாப்புகளை எல்லாம் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். என் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதா, என் மனைவிக்கு இடுப்பு வலி எப்படி என்றெல்லாம் ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"மாமாவுக்கு இன்னும் பதினாலு மாசம்தான்டா சர்வீஸ். இந்த நேரத்துல பேர் கெட்டுச்சுன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? தகடு வச்சது நான். வைக்கச் சொன்னது அவர்."

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததை நீயா எடுத்து விடாதே. அவ்வளவுதான்."

எவ்வளவு யோக்கியமான யோசனை. ஒரு பொய் கூட வேண்டாம். போனை வைத்த பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

விசாரணை ஆறாவது மாடியில் நடந்தது. நீள மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு பக்கம் மாமாவும் நானும். எதிர்ப்பக்கம் ஓரத்தில் காதுக்காரம்மா, மடியில் நீல ஃபைல். மாமா பேச ஆரம்பித்தார். வரைபடத்தில் கொக்கி முழுசாக விழும்படிதான் இருக்கிறது, சோதனையில் கையை நிறுத்திய இடம்தான் தப்பு என்றார். வழுக்காமல் கோர்வையாகச் சொன்னார். தான் வைக்கச் சொன்ன சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விசாரிக்க வந்த மூவரில் கண்ணாடி போட்டவர் என்னிடம் கேட்டார். "எண்ணிக்கை எடுத்தது யாரு?"

"டெஸ்ட் ரூம் சார்."

"இயந்திரக் கை எங்க நிக்கணும்னு செட் பண்ணினது?"

"அதுவும் டெஸ்ட் ரூம்தான்."

இரண்டும் உண்மை. கேட்டதற்கு மட்டும் பதில்.

அவர் காதுக்காரம்மா பக்கம் திரும்பினார். "இருபதாயிரம் தடவைக்கு அப்புறமும் தேய்மானம் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுல ஏதோ கோளாறு இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு சார். சொன்னேன்."

"யார்கிட்ட?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. பேச வேண்டிய ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்குகிற மாதிரி ஒரு பார்வை. நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மாமா என் முழங்காலை மேசைக்கு அடியில் லேசாக இடித்தார். அது கூட அவசியமே இல்லை.

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

காதுக்காரம்மாவின் கை ஃபைல் மேல் இருந்தது. இன்னொரு முறை என்னைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ரொம்ப நேரமாக இருந்தது, அவருக்கு இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

"தேடிப் பாக்கணும் சார்," என்றார்.

அவ்வளவுதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. யாரும் குரலை உயர்த்தவில்லை. டிசைன் பிரிவு வருங்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினார்கள். மாமா கீழே வந்ததும் என் தோளில் கை போட்டு, "நல்லா சமாளிச்சே" என்றார். நான் என்ன சமாளித்தேன், திறக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு டெஸ்ட் ரூமுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், ஆறுதல் சொல்ல என்று அப்போது நினைத்துக்கொண்டேன். காதுக்காரம்மா டிபன் டப்பாவையும் குடையையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார். இயந்திரக் கை பாதியில் நின்றிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த நாற்காலியை மேசைக்கு அடியில் நேராகத் தள்ளி வைத்திருந்தார்.

"ஃபைல்ல நகல் இருந்துச்சே. ஏம்மா காட்டலை?" என்று கேட்டேன். கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

"நான் காட்டினா நீங்க மாட்டிக்கிட்டதா ஆயிருக்கும். நீங்களே சொன்னா, ஏதோ அவசரத்துல நடந்த தப்புன்னு ரெண்டு பேரையும் விட்டிருப்பாங்க." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "எனக்கு நாற்காலி கேட்டு அத்தனை பேர் முன்னாடி சண்டை போட்டவர் நீங்க. சொல்லுவீங்கன்னுதான் சார் உட்காந்திருந்தேன்."

"நான்... அக்கா வீட்டுக்காரர்..."

"தெரியும் சார்."

ஃபைலைத் திறந்து நகலை எடுத்து என் கையில் கொடுத்தார். கார்பன் நீலத்தில் என் கையெழுத்து. சத்தம் வருகிறது. போதும்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இனிமே இங்க சீட்டு தேவைப்படாது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசலில் திரும்பி, "மைக்கைக் கழட்டிட்டு, கொக்கி விழுறதைப் பாத்து எண்ணுற மாதிரி ஒரு சென்சார் வைக்கச் சொல்லுங்க. இல்லைன்னா அடுத்ததும் இப்படித்தான் வரும்" என்றார். போகும்போதும் வேலையைப் பற்றித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து. தலைமை அலுவலகத்துக்காரர்கள் ஐந்து மணி வரை ஆறாவது மாடியில்தான் இருப்பார்கள், காலையிலேயே சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் அந்த அறைக்கு நேர் எதிரே. நகல் என் கையில். காதுக்காரம்மா பஸ் நிறுத்தத்தைக் கூடத் தாண்டியிருக்கமாட்டார், ஓடிப் போய்க் கூப்பிட்டால் திரும்பி வந்திருப்பார்.

ஐம்பது நிமிடம் இருந்தது. ஐம்பது நிமிடமும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.