மூன்றாவது நாற்காலிக்கு மேலே

“ஒழுகல் எங்கேர்ந்து வருதுன்னு எப்போ தெரியும்?” என்று கிரீஷ் கேட்டான்.

“இன்னிக்கே தெரியலாம். நாலு மழை கழிச்சும் தெரியலாங்க,” என்றாள் சத்யப்ரியா. ஏணியின் ஆறாவது படியில் நின்றிருந்தாள். உதடுகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் அதைச் சுற்றிக்கொண்டு வந்தது.

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் வருவோம். ஒழுகல் நிக்கிற வரைக்கும் கூப்பிட்டப்பல்லாம் போகோணும்னு எங்கப்பா சொல்லி வெச்சிருக்காரு.”

“நின்னப்புறம்?”

அவள் ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். “நின்னப்புறம் எதுக்குங்க வரோணும்?”

இது மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில் நடந்த பேச்சு. கடைசிப் பதிலை கிரீஷ் அன்று சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டான். அதிலிருந்த ஆபத்து புரிவதற்கு அவனுக்குப் பதினைந்து நாள் ஆனது. அதற்குள் அவள் மூன்று தடவை வந்து போயிருந்தாள்.

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் பழைய வீடு ஒன்றின் மேல்தளத்தில் கிரீஷும் அவன் அம்மா காமுவும் இருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. இருபுறமும் பக்கத்து வீடுகளின் சுவர்கள். வெளிச்சம் வருவதெல்லாம் கூரையில் சாய்வாகப் பதித்த பெரிய கண்ணாடி வழியாகத்தான். அந்த வழியாகவே மழையும் வந்தது. மேஜையின் மூன்றாவது நாற்காலி மேல் சொட்டும். நாற்காலியை நகர்த்தினால், அது இருந்த இடத்தில் சொட்டும். ஒரு ஆடி மாதம் முழுக்க கிரீஷ் இடது கையில் குடையைப் பிடித்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டான்.

ஜாதவ்பூரில் ‘வேலாயுதம் கிளாஸ் ஒர்க்ஸ்’ என்ற பலகையில் இருந்த எண்ணுக்கு அவன் போன் செய்தபோது, வேலாயுதம்தான் பேசினார். வந்தது அவர் மகள். கரக்பூர் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு, ஓய்வுபெற்றுக் கடை வைத்த இரண்டாம் வருடமே முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. சிவிலில் டிப்ளமா படித்திருந்த சத்யப்ரியா ஏணியைத் தூக்கிக்கொண்டாள். இப்போது அவளுக்கு முப்பத்தாறு. கிரீஷுக்கு நாற்பத்தொன்று. அவள் வயதை அவன் அவளிடம் கேட்கவில்லை. அவள் மழைக்கோட்டை ஆணியில் மாட்டும்போது பையிலிருந்து விழுந்த டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தபோது பார்த்தது.

முதல் வருடம் அவள் கண்ணாடி ஓரங்களில் இருந்த பழைய மக்குப் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்து சிலிகான் பசை வைத்தாள். அப்போது உண்மையாகவே வெளித் தண்ணீர்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. அது நின்றது. ஆனாலும் சொட்டியது. இரண்டாம் வருடம் கண்ணாடியும் கூரையும் சேரும் இடத்தில் சுற்றிலும் அலுமினியத் தகடு மடித்து அடித்தாள். சொட்டியது. மூன்றாம் வருடம் சட்டத்தை ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டி, கண்ணாடிகளையே மாற்றினாள். அதன் பிறகும் மழை நாளில், மழை நாளில் மட்டும், சொட்டியது.

காரணம் கிரீஷுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும்.

இரண்டாம் வருட ஜூலையில் காமு தங்கை பெண்ணின் சீமந்தத்துக்காகப் பத்து நாள் சென்னை போயிருந்தாள். அந்தப் பத்து நாளும் கொல்கத்தாவில் ஓயாத மழை. ரிக்‌ஷாக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இழுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. காமு திரும்பி வந்து, குளித்து, மறுநாள் சமையலுக்கு உடுத்த, யார் கையும் படாமல் உலர வேண்டிய தன் மடிப்புடவையைப் பிழிந்து, கூடத்தின் மேலே கயிற்றில் தொங்கும் மூங்கில் கொடியில் கம்பால் ஏற்றிப் போட்டாள். வெயில் நாளில் அவள் மொட்டைமாடியில்தான் உலர்த்துவாள். மழை நாளில் கண்ணாடிக்கு நேர் கீழே. ஒன்பது கஜம் ஈரம். பக்கத்துச் சமையலறையில் குக்கர். மேலே மழையில் குளிர்ந்த கண்ணாடி. மாலையில் மூன்றாவது நாற்காலியில் சொட்டியது.

கிரீஷ் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் மென்பொருள் சோதிப்பவன். பிழையைக் கண்டுபிடித்து உடனே எழுதிக் கொடுப்பதற்குத்தான் சம்பளம். கண்டுபிடித்த பிழையைச் சொல்லாமல் வைத்துக்கொண்டது அவன் வேலை வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

சத்யப்ரியாவுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவள் அந்தப் புடவையைப் பார்த்ததே இல்லை. அவள் வருகிறாள் என்று போன் வந்ததும் காமு கம்பை எடுத்துப் புடவையை இறக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவாள். ஏணி தட்டும், தோள் உரசும், மடி போய்விடும். பிறகு, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீளக் கம்பில் துணியைச் சுற்றிக் கண்ணாடியின் அடிப்பக்கத்தையும் துடைத்து வைப்பாள். சத்யப்ரியா வந்து பார்க்கும்போது கண்ணாடி பளிச்சென்று உலர்ந்திருக்கும். காலியான மூங்கிலைக் காட்டி ஒரு தடவை, “இது எதுக்குங்க மாமி?” என்று கேட்டாள். “அது பாட்டுக்கு இருக்கு,” என்றாள் காமு. மடியைப் பற்றி வெளியாரிடம் பேசினால் பேச்சு எங்கே போகும் என்று அவளுக்குப் பயம்.

கிரீஷ் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆபீஸ் பஸ்ஸில் தினமும் ஒத்திகை பார்த்தான். நேரில் வாயைத் திறந்தால் வேறு கேள்வி வந்தது. “சிலிகான் எத்தனை வருஷம் தாங்கும்?” என்று கேட்டான். இன்னொரு தடவை, “வெள்ளை சிலிகானா, கறுப்பா?” இப்போது செக்டர் ஃபைவில் சிலிகானைப் பற்றி அவன் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இந்த வருட ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சத்யப்ரியா ஏணியும் ரப்பர் குழாயுமாக வந்தாள். கூடவே அவளுடைய வேலையாள் ஹரிபதோ மிஸ்திரி; ‘தா’, அண்ணா, என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். அவர் குழாயோடு மொட்டைமாடிக்குப் போனார். மேகமாக இருந்ததே தவிர மழை இல்லை.

“இன்னிக்குத் தண்ணி விட்டுப் பாத்துரலாங்க,” என்றாள். “கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு, கால் மணிக்கு ஒரு பக்கமா மேல ஏறோணும். எந்தப் பக்கம் விடறப்போ சொட்டுதோ, அதுதான் ஓட்டை.”

மேலே தண்ணீர் ஓடியது. அவள் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தாள். கிரீஷ் நான்காவது நாற்காலியில் அமர்ந்து அவள் பார்ப்பதைப் பார்த்தான். கீழ் ஓரம், இடது, வலது, மேல். ஒரு மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை.

காமு காப்பி கொண்டுவந்து வைத்தாள். “கழுத்து வலிக்கப் போறதும்மா. கொஞ்சம் கீழேயும் பாரு.”

“பாத்துட்டனுங்க மாமி,” என்றாள் சத்யப்ரியா. டம்ளரைக் கையில் எடுக்கவில்லை. “சார், அடுத்த வாரத்திலேர்ந்து நாங்க வரலைங்க.”

“ஏன்?”

“தோப்ஸியாப் பக்கம் பெரிய கம்பெனி ஒண்ணு இருக்குது. நம்பர் தர்றேன். அவங்க பாப்பாங்க. எல்லாத்தையும் மாத்தியாச்சு. இனி மாத்தறதுக்குக் கூரைதான் பாக்கி.”

“பரவாயில்லை, இன்னொரு தடவை...”

“இல்லீங்க. போன மாசம் கரியாஹாட்டுல ஒரு வீடு. புதுசா வெக்கோணும்னு கூப்பிட்டாங்க. அளவெடுக்கப் போனவ, ஏணியில நின்னுட்டு இந்த வீட்டைத்தான் நெனைச்சுட்டிருந்தேன். இங்க ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவ, அங்க எந்த மூஞ்சியில புதுசா ஒண்ணு வெப்பேன்? முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாத்ரூம் கண்ணாடி, கடைக் கதவு, அது போதும். அப்பாகிட்டயும் சொல்லியாச்சு.”

“என்ன சொன்னார்?”

“பலகையில ‘கூரைக் கண்ணாடி’ங்கற எடத்துல பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் டிவி பாத்தாரு.”

அவள் குரலில் அழுகை இல்லை. அளவு சொல்லும் குரலில்தான் சொன்னாள். கிரீஷுக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தான்.

“ஒரு முக்கால் மணி நேரம் இருங்க,” என்றான். “ஹரிபதோ-தாகிட்டத் தண்ணியை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. அம்மா, உன் புடவை எங்கே?”

“எந்தப் புடவை?”

“இன்னிக்குக் காலமே நனைச்சது.”

“உள்ளே. வாளியில. எதுக்குடா?”

“கொடியில போடு.”

காமு ஏணியைப் பார்த்தாள், சத்யப்ரியாவைப் பார்த்தாள். “இப்போ எப்படிடா போடறது? எல்லாரும் போயாகட்டும்.”

கிரீஷ் உள்ளே போய் வாளியோடு வந்தான். குளிக்காத கையால், நேற்றைய சட்டையோடு, அம்மாவின் மடிப்புடவையை எடுத்துக் கொடியில் கம்பால் ஏற்றினான். பழக்கமில்லாததால் பாதி அவன் தலையிலேயே விழுந்தது. காமு இரண்டடி தள்ளி நின்றாள். “சரி,” என்றாள் கடைசியில். “நாளைக்குப் புதுசா நனைச்சுக்கறேன். உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லை. குக்கர் வை.”

குக்கர் மூன்று விசில் அடித்தது. மேலே குழாயின் சத்தம் மாறி வேறு சத்தம் கேட்டது. உண்மையான மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஹரிபதோ மிஸ்திரி தண்ணீரை நிறுத்தி, ரப்பர் குழாயைப் படி வழியாகக் கீழே தள்ளிவிட்டு, இறங்கி வரச் சொல்லி யாரும் கூப்பிடாததால் தண்ணீர்த் தொட்டிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் சத்யப்ரியாவின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறி, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒரு விரலால் கோடு இழுத்தாள். வேர்த்த நெற்றிபோலக் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர். அது சாய்வில் வழிந்து, கீழ்ச் சட்டத்தில் சேர்ந்து, மூன்றாவது நாற்காலிக்கு நேரே வந்து தொங்கியது.

“இது மழை இல்லீங்க,” என்றாள் ஏணியிலிருந்தபடியே. “இது மாமியோட புடவை.”

“என் புடவை என்ன பண்ணித்து?” என்றாள் காமு.

“ஈரம் மேல போயிக் கண்ணாடியில ஒட்டுதுங்க மாமி. ஒழுகவே இல்லை. போன வருஷமும் ஒழுகலை. அதுக்கு முந்தின வருஷம் தகடு அடிச்சதுக்கப்புறமும் ஒழுகலை.” கடைசி வாக்கியத்தை மெதுவாக, தனக்கே படித்துக் காட்டுவதுபோலச் சொன்னாள். பிறகு கீழே இறங்கினாள். கிரீஷின் முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“புதுக் கண்ணாடி போட்டப்போ?”

“தெரியும்.”

“அந்த வெயில்ல நாலு பேரு சேந்து பழசைக் கழட்டினமே. நீங்க கீழ நின்னு எலுமிச்சை ஜூஸ் குடுத்தீங்க.”

“ஆமாம்.”

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டனுங்க. பதினோரு தடவை இங்க வந்து தோத்துட்டுப் போயிருக்கேன்.”

“பதிமூணு,” என்றான் கிரீஷ்.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். கோபமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஏணிமேல் இருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தரையில் இவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பழக்கமில்லை.

“ரெண்டு வருஷமா நான் மடியாச் சமைச்சதை, சொட்டுக்கு வெச்ச பக்கெட்டைச் சுத்திச் சுத்திப் பரிமாறியிருக்கேன்,” என்றாள் காமு யாரிடம் என்றில்லாமல். “அம்மா, புடவையை வேற எடத்துல போடுன்னு ஒரு வார்த்தை. உள்ளறையில இடமா இல்லை?”

சத்யப்ரியா நோட்டுப் புத்தகத்தில் நனைந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தில் படம் போட்டாள். “சட்டத்துல எதிரெதிரா ரெண்டு காத்துத் துவாரம். தண்ணி உள்ள வராம மேல சின்னத் தகட்டு மூடி. சமையல்கட்டுல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். மாமி, நீங்க புடவையை இங்கயே போடலாம். எடம் மாத்த வேண்டியதில்லை. அரை நாள் வேலைங்க. செவ்வாக்கிழமை ஹரிபதோ-தாவை அனுப்பறேன்.”

“நீங்க?” என்றான் கிரீஷ்.

“எனக்குக் கரியாஹாட்டுல அளவெடுக்கிற வேலை இருக்குது. வேற யார்கிட்டயும் குடுத்திருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன்.” அவள் படியடியில் கிடந்த குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். “மத்தவங்களா இருந்தா நான் திட்டியிருப்பேன். உங்களை எப்படித் திட்டறதுன்னு தெரியலை. எதுக்குச் சொல்லாம இருந்தீங்கன்னு தெரிஞ்சாத்தானே அதுக்குத் தகுந்தாப்ல திட்ட முடியும்.”

கிரீஷ் வாயைத் திறந்தான். ஃபேன் எத்தனை அங்குலம் என்ற கேள்வி தொண்டை வரை வந்து நின்றது.

“கிரீஷ்,” என்றாள் காமு. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். “அந்தப் பொண்ணு கேக்கறா. எனக்கும் சாதம் குழையறது.”

சத்யப்ரியா சுருட்டிய குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அதிலிருந்து அவள் செருப்பின்மேல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் நகரவில்லை.

“எனக்கு நாப்பத்தோரு வயசு,” என்றான் கிரீஷ். “அம்மா மடி பாப்பா, அதை விடமாட்டா. நான் உங்களை ரெண்டு வருஷம் ஏமாத்தியிருக்கேன், அதுவும் இப்போ தெரிஞ்சுபோச்சு. இதெல்லாம் இருக்கட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “சத்யப்ரியா, நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேளா?”