ஓசிம்மா ஊப்பு

ஊறிய வரகரிசியை மூன்றாம் முறை களைந்துவிட்டு உஷாராணி தண்ணீரைப் பார்த்தாள். தெளிந்திருந்தது. இனி யாரும் குறை சொல்ல முடியாது.

"சூப்பு வெக்கிறியா, பரிச்ச எழுதுறியா?" என்றான் கணவன் ராஜ்கமல், பல் விளக்கியபடி.

அவள் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை. சேதராப்பட்டு கம்பெனி வண்டி வராத ஒரே காலை. மற்ற நாட்களில் ஐந்தரைக்கு வண்டி ஏறுமுன், தூங்கும் மகளைப் பக்கத்து வீட்டு ரோஸ்லின் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். கரிக்கலாம்பாக்கத்தில் வயலை மனையாக்கிய இடத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு வீடுகள். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் ரோஸ்லினுக்குக் குழந்தை இல்லை. அதனால் நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று உஷாராணி நினைத்தாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

தேஜுவுக்கு இரண்டரை வயது. வீட்டில் இட்லியைத் துப்புவாள். பருப்புச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கிவிடுவாள். பக்கத்து வீட்டில் மட்டும் தினம் ஒரு கிண்ணம் சூப்பு. 'ஓசிம்மா ஊப்பு' என்பாள். ரோஸ்லினம்மா என்பதில் பாதி மழலையில் கரைந்துபோக, அம்மா மட்டும் சுத்தமாக விழும்.

"இன்னாடி போட்ற அதுல?" என்று வெள்ளிக்கிழமை உஷாராணி சிரித்தபடி கேட்டாள். ரோஸ்லின் மறைப்பாள் என்றிருந்தாள். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அவ்ளோதாங்க்கா. எங்க பாப்பா வழிச்சி நக்கிடுவா."

எங்க பாப்பா.

ராத்திரியே ஊறவைத்த பார்லி, வரகு, பாசிப்பருப்பு. பொடியாக அரிந்த கேரட், பீன்ஸ், சுரைக்காய். ஒரு தக்காளி. நான்கு விசில். மத்தால் ஒரு கடை கடைந்து, மிளகுத்தூளும் நெய்யும் விட்டாள். ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். ரோஸ்லின் வைப்பதைவிட நன்றாக இருந்தது. தான் அதை ஒருநாளும் குடித்ததில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தேஜுவை எதிரில் உட்காரவைத்து ஊதி நீட்டினாள். குழந்தை ஸ்பூனைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை. நெற்றியைத் தொட்டது. வயிற்றைத் தொட்டது.

"தல வலிக்குதா? வயிறாடி?"

மறுபடி நெற்றி. மறுபடி வயிறு.

உஷாராணிக்கு உச்சி சுட்டது. குழந்தை இல்லாதவள் கண். ஒரு கை உப்பை அள்ளி மகளை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது.

"பாத்தியா, எவ்ளோ கண்ணு!"

"உப்புன்னா வெடிக்கத்தான்டி செய்யும்" என்றான் ராஜ்கமல்.

சூப்பு ஆறி ஏடு படிந்தது. கோயிலுக்குப் போயிருந்த ரோஸ்லின் திரும்பி வந்து, முக்காட்டோடு வாசலில் நின்றாள். குழந்தை மறுபடி நெற்றியைத் தொடுவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா... திட்டாதீங்க. துன்றதுக்கு முன்னாடி நான் சிலுவ போடுவேன். அதப் பாத்துட்டு அவளே... நா சொல்லித் தர்லக்கா, சத்தியமா."

ரோஸ்லின் ஒரு காலை வாசற்படிக்குள் எடுத்துவைத்தாள்.

"நா வேணா ஒரே ஒரு வாட்டி—"

"நீ அங்கயே நில்லு."

உஷாராணி ஸ்பூனை இடக்கைக்கு மாற்றினாள். உப்பு ஒட்டிய வலக்கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். நெஞ்சுக்கு இறக்கினாள். அப்புறம் எந்தத் தோள் முதலில் என்று தெரியவில்லை. ரோஸ்லினைக் கேட்பதற்குப் பதில் ஏதோ ஒன்றைத் தொட்டு, மற்றதையும் தொட்டாள்.

தேஜு வாயைத் திறந்தாள். ஒரு வாய் விழுங்கினாள். இன்னொன்று. கண் மட்டும் அம்மாவின் தோளைத் தாண்டி வாசலில் இருந்தது.

உஷாராணி உட்கார்ந்தபடியே இடப்பக்கம் நகர்ந்து வாசலை மறைத்தாள். மென்றுகொண்டே குழந்தை வலப்பக்கம் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள்.