சீசரின் தட்டு

1

இந்தக் கதையை எழுதும் ஆசை எனக்கு இருந்ததில்லை. அடுத்த வீட்டு டெபோரா அக்கா, கணவர் பிரேம்சிங் அண்ணனின் இருதய ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போகும்போது நாயை எங்களிடம் விட்டுப் போனார். நாய் சாப்பிடவில்லை. கதை அங்கேதான் பிறந்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘பனி மூடிய சாலையில் ஒரு நாய் தன் எஜமானியின் காலடித் தடங்களை முகர்ந்தபடி’

அதோடு விட்டுவிட்டேன். நான் வாசிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் நாய்கள் கணப்படுப்பின் ஓரம் படுத்து யோசிக்கும். சீசர் எங்கள் கிரைண்டருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் படுத்து, சங்கரன்கோவில் வெயிலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டிருந்தான். (பின்தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தத்தை எங்காவது சேர்க்க வேண்டும். சேர்த்தாயிற்று.)

2

எங்களிடம் ஏற்கெனவே தடியன் என்றொரு நாயும் மிளகு என்றொரு பூனையும் உண்டு. சீசரைப் பார்த்ததும் மிளகு பீரோவின் மேல் ஏறிவிட்டாள். ஸ்டூல் போட்டு அங்கேயே பால் வைக்கிறேன். தடியன் உள்ளே வந்தால் சீசரை வெளியே கட்ட வேண்டும். ஒரு கதவைத் திறக்குமுன் மற்ற கதவுகளையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அலுப்பைப் பற்றி நீளமாக ஒரு பத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தால்

(தடியன் கதவைப் பிறாண்டினான்.)

3

சீசர் தட்டின் முன் ஒழுங்காக உட்காருவான். தயிர்ச்சோறு, முட்டை, எதை வைத்தாலும் எங்கள் முகத்தையே பார்ப்பான். பிறகு போய்ப் படுத்துக்கொள்வான். விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. கால்நடை டாக்டர் ஏக்கம் என்றார். அம்மா கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து அவன் நெற்றியில் பூசினாள்.* சாயங்காலம் அக்கா ஃபோனில் விசாரித்தபோது, நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

“ஏம்மா பொய் சொல்லுத?”

“அவ அங்கன ஒரு உசிரப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. இதையும் சேத்துச் சுமக்கச் சொல்லுதியாக்கும்?”

* தலைவலியிலிருந்து பரீட்சை பயம் வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கோமதி அம்மன் கோயில் புற்றுமண்தான்.

4

இந்தப் பகுதியில் நாய் செத்துப்போவதாக இருந்தது. நான் படித்த நாவல்களில் நாய் செத்தால்தான் மனிதர்களுக்கு ஏதாவது புரியும். எழுத உட்கார்ந்தபோது சீசர் வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்தான். அந்தப் பகுதியையே அடித்துவிட்டேன்.

5

நடந்தது வேறு. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொல்ல அக்கா கூப்பிட்டார். அம்மா கையில் மாவு. ஸ்பீக்கரில் போட்டேன். பேசிக்கொண்டே வந்தவர் அழுது, அப்படியே ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அவர் ‘ஆமென்’ என்று முடித்ததும் சீசர் எழுந்து தட்டில் வாய் வைத்தான். ஒரு பருக்கை மிச்சமில்லை.

அவர்கள் வீட்டில் ஜெபம் முடிந்துதான் சாப்பாடு. அது நாய்க்கும் சேர்த்து என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்கும் சொல்லத் தோன்றியிருக்காது. மூச்சுவிடுவதை யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா?

அன்றிலிருந்து நெற்றி நிறையத் திருநீறோடு அம்மா தட்டை வைத்துச் சொல்கிறாள்: “ஆமென். தின்னுல.”

அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று சீண்டினேன்.

“பட்டினியாக் கெடந்தாத்தான் கோவிப்பா. ஏட்டி, போ.”

இப்போது தடியனும் சண்டையை விட்டுவிட்டான்; சீசரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல் வராமல் சோற்றைத் தொடுவதில்லை. மிளகு மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

6

இன்று ஆபரேஷன். முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

அ) அண்ணன் கண் விழிக்கிறார். சீசர் வீட்டுக்குப் போகிறான், மிளகு பீரோவிலிருந்து இறங்குகிறாள், நான் தூங்குகிறேன்.

ஆ) அக்கா தனியாக வருகிறார். சீசர் வாலை ஆட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். அங்கே

இதை எழுத எனக்குத் தெரியும். இது மாதிரி நிறையப் படித்திருக்கிறேன். எழுத மாட்டேன்.

இப்போதுதான் ஃபோன் அடித்தது. அம்மா எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். முதுகு மட்டும் தெரிகிறது. அசையாமல் நிற்கிறாள். இங்கே இரண்டு தட்டுகளின் முன் இரண்டு நாய்கள் என் முகத்தையே பார்க்கின்றன. அங்கே என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல், நான் முந்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம், அவற்றுக்குக் கேட்கும்.