பூட்டின் படம்

கேமராவின் ஆறு திருகுகளில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது வர மறுத்தது. அதன் தலையில் ஒரு துளி எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். கழற்றிய ஐந்தும் வெள்ளைத் துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே கிடந்தன. மணி பத்தேகால். மூன்று மணிக்குத் தம்பியின் கம்பெனியில் விசாரணை.

எதிரே முக்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் கம்பெனியின் நீலச் சட்டை. முந்தாநாளிலிருந்து அதே சட்டைதான். முழங்கைக்குக் கீழே கிரீஸ் காய்ந்து கோடாகியிருந்தது.

"பொணத்துக்கு ஊசி போடுற மாதிரி இருக்குக்கா."

"பொணமா இல்லையான்னு நான் சொல்லணும். நீ சும்மா இரு."

ஒரு செல்போன் கடையின் பின்பாதிதான் அவளுடைய இடம். ஒன்பது வருடமாக அங்கே கேமரா பழுதுபார்க்கிறாள். நீச்சல் குளத்தில் விழுந்தது, படகிலிருந்து நழுவியது, சட்டைப் பையோடு சேர்த்துத் துவைக்கப்பட்டது என்று தண்ணீர் குடித்தவை மாதத்துக்கு நான்கைந்து வரும். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். லேசாகத் தெறித்தது என்பார்கள். திறந்தால் உள்ளே மணல் இருக்கும். அவள் கேட்டுக்கொள்வாள், மறுத்துப் பேசமாட்டாள். கேமராவே சொல்லிவிடும்.

இந்தக் கேமரா லிஃப்ட் கம்பெனி கொடுத்தது. உள்ளங்கை அளவு, பழைய ரகம். லிஃப்ட் குழிக்குள் யாரோ போன் பேசிக்கொண்டே அடிபட்ட பிறகு, வேலை நேரத்தில் போனை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. ஜோடிக்கு ஒரு கேமரா. குழியில் ஒருவர் இறங்கும் முன்னால் மற்றவர் மேலே மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டு மாட்டி, தேதி எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, படம் எடுக்க வேண்டும். ஜோடியில் ஒருவன் தம்பி. இன்னொருவர் அவள் கணவர்.

முந்தாநாள் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. இறைக்க இறங்க வேண்டியவன் தம்பிதான். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் அவள் கணவர் அவனை எலி என்றே கூப்பிடுவார். அன்றைக்கு எலிக்கு ஜலதோஷம். தண்ணீரில் நிற்காதே, நீ மேலே போய்ப் பூட்டு, நான் இறங்குகிறேன் என்றிருக்கிறார். தம்பி மேலே போனான். திரும்பிப் படியிறங்கி வரும்போது லிஃப்ட் நகர்ந்தது. குழிக்குள் குதித்து அவரை இழுத்துப் போட்டவனும் அவன்தான். கேமரா அவன் சட்டைப் பையில் இருந்தது.

அந்தக் கட்டடத்து எலக்ட்ரீஷியன் ஒரே பேச்சாக நின்றான். சுவிட்சில் பூட்டே இல்லை, தரையில் கிடந்தது, லிஃப்ட் ஓடவில்லையே என்று போட்டேன். தம்பியும் ஒரே பேச்சாக நின்றான். பூட்டினேன், அவனிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவன் அவள் கணவரின் காலை நசுக்கியவன். பாதத்தை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் நாளைக்குச் சொல்வார்கள்.

திருகு அசைந்தது.

"கார்டுதான் இல்லையேக்கா," என்றான் தம்பி. "அன்னிக்குக் காலைலதான் ஆபீஸ்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வேற கார்டு குடுக்கல. எடுத்த படம் காத்தோட போச்சு. எதுக்கு இந்தப் பாடு?"

"காத்தோட போகாது. கார்டு இல்லாட்டி கேமராவுக்குள்ளயே நிக்கும். ஒரு பத்துப் படம் வரைக்கும்."

அவனைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் பார்த்தாள். நல்ல சேதி கேட்டவன் முகம் அப்படி இருக்காது. அவன் வாய் லேசாகத் திறந்து, அப்படியே நின்றது.

"அதுக்கு இது உயிரோட வரணுமா?"

"வரணும். இதோட மூளைக்குள்ள இருக்கு. தனியா உருவ முடியாது."

பின்மூடியைத் தூக்கினாள். குழித் தண்ணீரின் வாடை வந்தது. ஈர சிமெண்டும் பழைய எண்ணெயும். ஃபிளாஷுக்காக மின்சாரம் தேக்கிவைக்கும் கறுப்பு உருளை ஓரத்தில் இருந்தது. முதலில் அதை வெறுமையாக்க வேண்டும். இல்லாவிட்டால் தோள்வரை உதறிவிடும். சின்ன பல்பின் இரண்டு ஒயர்களை அதன் கால்களில் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

அவள் ஒயர்களை மெல்லக் கீழே வைத்தாள்.

"நனைஞ்ச உடனே பேட்டரியக் கழட்டிட்டேன்னு சொன்ன."

"ஆமா."

"அப்புறம் போட்டுப் பாத்தியா?"

"இல்லையே."

"முந்தாநாள் ஏறின கரண்ட் இப்படி எரியாது. இது நேத்து ராத்திரி, இல்ல இன்னிக்குக் காலைல ஏறினது." கேமராவின் சர்க்யூட் பலகையில் ஒரு மூலையைக் குச்சியால் காட்டினாள். பச்சைக் களிம்பு. அதன் நடுவே மயிரிழை அகலத்தில் கருகிய தடம். "ஈரத்தோட ஆன் பண்ணாத்தான் இப்படித் தீயும். எத்தன தடவ?"

அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சின்ன வயதில் அடி விழும் என்று தெரிந்தால் அப்படித்தான் உட்காருவான்.

"அஞ்சாறு தடவ."

"கார்டு இல்லாத கேமராவ எதுக்குடா அஞ்சாறு தடவ ஆன் பண்ண?"

"சும்மா. பாக்கலாம்னு."

"என்னத்த?"

முன்கடையில் யாரோ ஒரு போனுக்கு உறை கேட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பூட்டக் கைல எடுத்தது தெரியும். அட்டைல தேதி எழுதினது தெரியும். ஆனா அக்கா, தினமும் பண்றேன். எது அன்னிக்குப் பண்ணது, எது அதுக்கு மொத நாள் பண்ணதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. கண்ண மூடினா பூட்டிட்டு நிக்கிறேன். மறுபடி மூடினா பூட்டாமப் படி எறங்குறேன்."

"கம்பெனில பூட்டினேன்னு எழுதிக் குடுத்திருக்க."

"வேற என்னன்னு எழுதுறது?"

அவள் பலகையைப் பிரித்தெடுத்து காய்ச்சி வடித்த தண்ணீரில் முக்கினாள். நீர் சாம்பல் நிறமானது. ஊற்றிவிட்டு மறுபடி முக்கினாள். பிறகு ஸ்பிரிட். மென்மையான பிரஷ்ஷால் பச்சைக் களிம்பை ஒரே திசையில் தேய்த்தாள். கருகிய தடத்துக்கு மேலே தலைமுடியைவிட மெல்லிய ஒரு செப்புக் கம்பியைப் பாலமாக வைத்துப் பற்றவைத்தாள். கை நடுங்கவில்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை. யாருக்காக இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறோம் என்ற கேள்வி வந்தது. பூட்டு இருந்தால் தம்பி பிழைப்பான். இல்லாவிட்டால் இன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலோரம் நின்று என்ன சொல்வது? பலகையை விளக்கின் சூட்டில் சாய்த்து வைத்தாள். உலர இரண்டு மணி நேரமாவது ஆகும். அவசரப்படுத்தினால் இருப்பதும் போய்விடும்.

இரண்டு பேரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றரைக்குப் போன் அடித்தது. கணவர். ஓட்டைப் போன், காதில் வைத்தாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்.

"எலி எங்க?"

"இங்கதான். பக்கத்துல."

"சாப்ட்டானா கேளு. ரெண்டு வெரல் ஆடுதுன்னு சொல்லு. டாக்டர் ஊசியால குத்தினாரு. வலிக்குதுன்னு கத்தினேன். அந்தாளு சிரிக்கிறாரு. நான் வலிச்சதுக்கு ஒருத்தர் சந்தோஷப்பட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"அதிகம் பேசாதீங்க."

"மூணு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்கல்ல? பயப்படாமப் போகச் சொல்லு. அவன் பூட்டிருப்பான். பூட்டியாச்சான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்கியிருக்கணும், நான்தான் கேக்கல."

போனை வைத்தபோது தம்பி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தான். "மாமா நம்புறாரு பாரு," என்றான். "அதான்க்கா தாங்க முடியல."

இரண்டே கால் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் பலகையைத் திரும்ப உள்ளே வைத்தாள். பேட்டரியை நம்பவில்லை, மேசையிலிருந்த, மின்சாரம் கொடுக்கும் கருவியின் ஒயர்களைத் தொடுத்தாள். ஆன் பொத்தானைத் தொடவில்லை. அதை அழுத்தினால் லென்ஸ் வெளியே வரப் பார்க்கும், மண்ணில் சிக்கும், எல்லாம் நின்றுவிடும். படம் பார்க்கும் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்தாள். லென்ஸை எழுப்பாமல் கேமராவை எழுப்பும் வழி அது.

கருவியின் முள் துடித்து ஏறியது. கேமரா மின்சாரத்தை இழுக்கிறது. ஆனால் திரை இருட்டாகவே இருந்தது.

"செத்துடுச்சா?"

"திரைக்குப் பின்னாடி இருக்குற வெளக்குதான் செத்திருக்கு. டார்ச்ச எடு. சாய்ச்சு அடி. இன்னும் சாய்ச்சு."

சாய்ந்த வெளிச்சத்தில், கிணற்றுத் தண்ணீருக்குள் ஏதோ தெரிவதுபோல, திரையில் ஒரு படம் தெரிந்தது. டார்ச் நடுங்கியதில் அதுவும் நடுங்கியது. அவள் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். மூலையில் எண்: ஒன்பதில் ஒன்பது. சிவப்பு அட்டை. அட்டையில் முந்தாநாள் தேதி. அவன் கையெழுத்து. அதற்கு மேலே சுவிட்சில் பூட்டு.

"இருக்கு," என்றான். "இருக்குக்கா! மாட்டியிருக்கேன்!"

அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள். பூட்டின் வளையம் சுவிட்சின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. ஆனால் அதன் நுனி பூட்டுக்குள் இறங்கவில்லை. நடுவே நகத்தின் கனத்துக்கு ஒரு இடைவெளி. அதன் வழியே பின்சுவரின் சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தது.

எட்டாவது படத்துக்குப் போனாள். வேறு கட்டடம், வேறு தேதி. அதே இடைவெளி. ஏழு. ஆறு. பழையவை, எப்போதோ கார்டு இல்லாத நாட்களில் எடுத்தவை. எல்லாவற்றிலும் பூட்டு வாயைத் திறந்தே தொங்கியது.

"ஏண்டா தெறந்திருக்கு?"

"படம் எடுத்துட்டுத்தான் அழுத்துவேன்." அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "அழுத்தினா பூட்டு புரண்டு அட்டை திரும்பிக்கும். தேதி தெரியலன்னு ஆபீஸ்ல ஒருவாட்டி என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க. அதுலேருந்து மொதல்ல மாட்டி, படம் எடுத்து, அப்புறம்..."

சிரிப்பு நின்றது.

"எத்தன வருஷமா?"

"மூணு."

"ஒருத்தருமா பாக்கல?"

"தேதியப் பாப்பாங்க."

அவள் மறுபடி ஒன்பதாவது படத்துக்கு வந்தாள். ஒன்பதுக்குப் பிறகு எதுவும் இல்லை. அழிக்கும் பொத்தான் அவள் சுட்டுவிரலுக்கு அரை அங்குலம் கீழே இருந்தது. பார்க்காமலே அது எங்கே என்று தெரியும். விரலைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"அன்னிக்கு அழுத்தினியா?"

டார்ச் பிடித்த அவன் கை அவள் பிடிக்குள் அசையாமல் இருந்தது. வெளிச்சத்தின் ஓரத்தில் அவனுடைய இன்னொரு கை எழுந்தது. நான்கு விரல்களும் வளைந்து எதையோ கீழிருந்து தாங்கின. பெருவிரல் காற்றில் ஒருமுறை அழுத்தியது. நின்றது. தலையைச் சாய்த்து, பூட்டிக்கொள்ளும் சத்தத்துக்குக் காது கொடுப்பவன்போல இருந்துவிட்டு, இன்னும் மெதுவாக, மறுபடியும் அழுத்தினான்.